6,41,001 ரூபாய் பாக்கி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மாதக் கடைசியில் வாடிக்கையாளர்களின் பாக்கிப் பட்டியலை டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. பெயர், ஊர், பின்கோடு, தொகை என்று நாலே நாலு நெடுவரிசை. (பேச்சில் ‘காலம்’ என்றுதான் சொல்வோம். எழுதினால் அது வேறு காலமாகிவிடுகிறது.) ஒவ்வொன்றுக்கும் நடுவில், விசைப்பலகையின் Tab விசை போடுகிற ஒரு டேப்.

கோப்பை நோட்பேடில் திறந்த மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “என்னப்பா இது, ‘டவுன்’ங்கிற தலைப்பு ஆளோட பேருக்கு மேல நிக்குது?”

உண்மைதான். டேப் என்பது இத்தனை இடம் என்ற அளவு இல்லை. அடுத்த நிறுத்தத்துக்குத் தாவு என்பதுதான் அதன் பொருள். நிறுத்தங்கள் வழக்கமாக எட்டு எழுத்துக்கு ஒன்று. ‘நேம்’ ஆங்கிலத்தில் நாலு எழுத்து, அதனால் டேப் எட்டாவது இடத்துக்குப் போய்விடும். வெங்கடசுப்ரமணியன் 18 எழுத்து. அவருடைய ஊர் 24-இல் ஆரம்பிக்கும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்களுக்கு இது புரியும். ஸ்டேட்மெண்ட் அடிக்கும்போது நீளமான சொல்லைப் பார்த்து நிறுத்தங்களை நாமே வைப்போம். டெக்ஸ்ட் கோப்புக்குள் அந்த நிறுத்தங்கள் கிடையாது. திறக்கிற மென்பொருள் வைத்ததுதான் நிறுத்தம்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தலைப்பில் கூடுதலாக இரண்டு டேப் போட்டேன், வெங்கடசுப்ரமணியனுக்கு நேராக வந்தது. ரவிக்கு வரவில்லை. சரி, பெயர் எத்தனை எழுத்து என்று பார்த்துத் தேவையான டேப்களைப் போட நிரலில் சில வரிகள் சேர்த்தேன். ரவிக்கு மூன்று, சந்திரசேகருக்கு இரண்டு, வெங்கடசுப்ரமணியனுக்கு ஒன்று. எல்லாம் நூல் பிடித்தாற்போல் நின்றது. மேலாளர் “சூப்பர்” என்றார்.

மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து போன். கோயம்புத்தூர் சந்திரசேகர் 6,41,001 ரூபாய் பாக்கி வைத்திருப்பதாகத் திரையில் வருகிறதாம்.

அந்தக் கோப்பை இழுத்துக்கொள்ளும் நிரலுக்குக் கண் கிடையாது, அது டேப்பை மட்டுமே எண்ணும். சந்திரசேகரின் வரியில் ஒரு டேப் அதிகம், எனவே எல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து ஊர் பின்கோடு இருக்க வேண்டிய இடத்திலும், பின்கோடு தொகை இருக்க வேண்டிய இடத்திலும் போய் உட்கார்ந்தன. நிஜத் தொகை ஐந்தாவது கட்டத்துக்குப் போனது. அப்படி ஒரு கட்டமே இல்லாததால் நிரல் அதைச் சத்தமில்லாமல் உதறிவிட்டது. ரவி பிழைத்தார். அவருடைய தொகையின் இடத்தில் ஊர்ப் பெயர் வந்ததால், எண் இல்லையே என்று வரி நிராகரிக்கப்பட்டது. பிழை காட்டி நிற்கிற வரியைப் பற்றி எனக்குப் பயம் கிடையாது, பேசாமல் உள்ளே போய்விடுகிற வரிதான் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்த அக்கா திட்டவில்லை. “தம்பி, நீ பாக்குறதுக்கு டேப் போட்டிருக்க, அது எண்ணுறதுக்கு இருக்கு” என்றார். ஒவ்வொரு வரியிலும் எத்தனை கட்டம் என்று, டெக்ஸ்ட் கோப்புகளை வரி வரியாக அலசுகிற ஆக் (awk) கட்டளையில் எண்ணிக் காட்டினார். நாலு என்ற ஒரே விடை வர வேண்டிய இடத்தில் நாலு, ஐந்து, ஆறு என்று வந்தது. அப்புறம் இன்றுவரை எந்தக் கோப்பையும் அப்படி எண்ணாமல் அனுப்பியதில்லை.

பல வருடம் கழித்து, புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற நிரல் மொழியில் இந்தச் சிக்கலின் தம்பியைச் சந்தித்தேன். அதில் அட்டவணையைச் சும்மா எழுதச் சொன்னால், வரிப் பெயர்களுக்கு மேல் தலைப்பே வைக்காது. எக்செலில் திறந்தால் தலைப்பு எல்லாமே ஒரு கட்டம் இடது பக்கம் தள்ளி நிற்கும். இந்த முறை சேர்க்க வேண்டியதே ஒரு டேப்தான், முதல் தலைப்புக்கு முன்னால்! சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

இப்போது பெயர்கள் தமிழிலேயே வருகின்றன. ‘மீனாட்சி’ நமக்கு நாலு எழுத்து, யூனிகோடில் எட்டுக் குறியீடு, அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக் கோப்பில் 24 பைட். எதை எண்ணி இடம் விட்டாலும் திரையில் நேராக வருவதில்லை. நான் முயல்வதுமில்லை. நிரலுக்கு ஒரு டேப் வைத்த கோப்பு, மேலாளருக்கு அதையே எக்செல் போன்ற கால்க் (Calc) மென்பொருளில் திறந்து கட்டம் போட்ட இன்னொரு பிரதி.