ஞெலிகோலைக் கடைந்து பார்த்த ஐந்து மாதங்கள்

ஞெலிதல் என்றால் கடைதல், ஒன்றோடொன்று உரசச் செய்தல் என்று பொருள். காற்றில் உரசித் தீப்பற்றும் மூங்கிலைச் சங்கப் பாடல்கள் ஞெலிகழை என்று சொல்கின்றன. கையால் கடைந்து தீ எடுக்கும் கோல் ஞெலிகோல். இதன் பக்கத்திலேயே ஞெகிழி என்று ஒரு சொல் நிற்கிறது. அதற்குத் தீக்கடைகோல் என்றும் கொள்ளி என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. இன்று பிளாஸ்டிக்கைக் குறிக்கும் நெகிழி ஒலியில் இதற்கு நெருங்கியதாக இருந்தாலும், நெகிழ்தல் என்னும் வினையை வைத்து நம் காலத்தில் அமைத்துக்கொண்ட சொல். கருவிக்கும் கொள்ளிக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தியது என்ற கேள்விதான் என்னைக் கோலைக் கையில் எடுக்க வைத்தது.

புரட்டாசியில் வேப்பம் பலகையும் வேப்பங்குச்சியுமாகத் தொடங்கினேன். வேம்பு கெட்டியான மரம் என்பதால் குழி தேய்ந்து பளபளப்பாகக் கறுத்ததே ஒழியத் தூள் உதிரவில்லை. பிறகு நன்றாகக் காய்ந்த முருங்கைப் பலகைக்கும், சுண்டுவிரல் பருமனுள்ள செம்பருத்திக் குச்சிக்கும் மாறினேன். புகை வந்தது, ஆனால் தூள் நாலாபுறமும் சிதறிச் சூடு ஆறிவிட்டது. குழியின் ஓரத்தில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு விட்ட பிறகுதான் தூள் ஓரிடத்தில் குவியத் தொடங்கியது. அது வெளிறிய பழுப்பாக இருந்தால் சூடு போதவில்லை; காப்பித்தூள் போலக் கறுத்து மென்மையாக விழ வேண்டும்.

ஐப்பசி மழையில் எல்லாம் ஈரம் ஏறிப் பயனற்றுப் போயின. அப்போது புறநானூற்றின் 315ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியை ‘இல்லிறைச் செரீஇய ஞெலிகோல்’ போலத் தோன்றாது இருக்கவும் வல்லவன், அதிலிருந்து எழும் எரி போலத் தோன்றவும் வல்லவன் என்று ஔவையார் பாடுகிறார். இறை என்பது கூரையின் தாழ்ந்த விளிம்பு. எங்கள் ஊரில் இறவாணம் என்போம். நானும் கோலையும் பலகையையும் அடுப்புப் புகை படும் இறவாணத்தில் செருகி வைத்து, தை பிறக்கும் வரை தொடவில்லை. கோலை அங்கே செருகுவது உவமைக்காகப் புனைந்ததாக இருக்க முடியாது என்றும், அன்றாடம் கண்ட வழக்கமாகவே இருந்திருக்கும் என்றும் எனக்கு அதன் பிறகு உறுதியாகத் தோன்றியது.

தை மாதத்து ஒரு காலையில் தம்பியும் நானும் மாறி மாறிக் கடைந்தோம். உள்ளங்கைகள் கோலை உருட்டிக்கொண்டே கீழே இறங்கிவிடும். உடனே மேலே ஏற்றாவிட்டால் அதுவரை சேர்ந்த சூடு வீணாகும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ‘கைம்முயன்று’ என்று ஏன் எழுதினார் என்பது இரண்டு கொப்புளங்கள் எழுந்த பிறகு விளங்கியது. கையை எடுத்த பின்னும் தூளிலிருந்து நூல் போலப் புகை எழுந்துகொண்டே இருந்தது. உள்ளே மிளகளவு கங்கு. அதை ஓர் அரசிலையில் ஏந்தி, தேங்காய் நாரும் பன்னாடையும் சேர்த்துக் கட்டிய கூட்டுக்குள் வைத்து மெல்ல ஊதினேன். நான்காவது ஊதலில் தீப்பற்றியது.

அதே நூலில், ஞெலிகோலால் பெற்ற ஞெகிழியின் செந்தீயைக் கொண்டுதான் இடையன் தன் குழலுக்குக் கருந்துளை இடுகிறான். சற்று முன்னே வரும் அடிகளில் ஆய்மகள் விடியலில் புலி உறுமுவது போல மத்தொலிக்கத் தயிர் கடைகிறாள். கடைதலையே தொழிலாகக் கொண்ட குடியில் தீயும் கடைந்தே பெறப்பட்டது என்பதை இவ்வளவு நெருக்கமாக வைத்துக் காட்டும் இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

செம்பருத்திக் கோலின் கருகிய நுனியையே அந்தத் தீயில் காட்டிக் கனியச் செய்து, மெல்லிய மூங்கில் குழாய் ஒன்றில் அழுத்தினேன். கடைந்த கோல் அந்த நொடியில் கொள்ளியாகவும் இருந்தது. ஒரு பெயர் இரண்டையும் குறிப்பதில் எனக்கிருந்த ஐயம் அத்தோடு தீர்ந்தது. முன்பு துரப்பணத்தால் துளைத்தபோது மூங்கில் நீளவாக்கில் பிளந்தது, இப்போது பிளக்கவில்லை. மூன்று துளைகள் ஓரம் கறுத்து வட்டமாக அமைந்துள்ளன. நான்காவது சற்று அகன்றுவிட்டதால், நுனியை இன்னும் மெலிதாகச் சீவிய வேறொரு கோலை இறவாணத்தில் செருகி வைத்திருக்கிறேன்.