செவர்ன் கொடுக்காத குப்பி

ரோமின் ஸ்பானியப் படிகளுக்கு எல்லாரும் போட்டோ எடுக்கத்தான் வருகிறார்கள். (2019 முதல் அங்கே உட்காரத் தடை. கால் வலித்தாலும் நின்றுதான் ஆக வேண்டும்.) நான் போனது படிகளை ஒட்டி வலப்பக்கம் இருக்கும் வீட்டுக்கு. கவிஞர் ஜான் கீட்ஸ் காசநோயோடு வந்து, 1821 பிப்ரவரி 23 அன்று, 25 வயதில் இறந்த வீடு. எனக்கென்னவோ அவரோடு வந்த ஓவியர் ஜோசப் செவர்ன் மேல்தான் நினைப்பு.

கப்பலேறும்போது செவர்னுக்கு 26 வயது. இத்தாலி போனால் பெரிய ஓவியனாகிவிடலாம் என்று கனவு. போகக் கூடாது என்று அப்பா அடித்துக் கீழே தள்ளியும் கிளம்பிவிட்டார். வந்த இடத்திலோ சமையல், பணிவிடை, ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு. தான் அசந்துவிட்டால் அறை இருட்டாகிவிடுமே என்று, ஒரு மெழுகுவத்தியின் அடியிலிருந்து அடுத்ததன் திரிக்கு நூல் கட்டி வைத்தாராம். ஒன்று அணையும் நேரத்தில் நூல் வழியே நெருப்பு ஓடி இன்னொன்று பற்றிக்கொண்டது.

அந்த அறை ரொம்பச் சின்னது. நோய் தொற்றும் என்று அன்றைய சட்டப்படி சாமான்களை எரித்துவிட்டார்கள். கூரையில் செதுக்கிய பூக்கள் பழையவைதான். படுத்துக்கொண்டு கீட்ஸ் பார்த்தது அவற்றைத்தான்.

வலி முற்றினால் குடித்துவிடலாம் என்று லாடனம் என்ற அபினி மருந்தை ஒரு குப்பியில் வாங்கி வைத்திருந்தார் கீட்ஸ். கெஞ்சிக் கேட்டும் செவர்ன் தரவில்லை, டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டார். செத்த பிறகும் நீளும் இந்த வாழ்க்கை இன்னும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கீட்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கொடுத்திருந்தால் கொலை, கொடுக்காததால் இந்தக் கேள்வி. நானாக இருந்தால் கொடுத்திருப்பேன் என்று படியிறங்கும்போது தோன்றியது.

அப்புறம் மெட்ரோ பிடித்து, ரோமிலேயே இருக்கும் பழைய பிரமீடு ஒன்றுக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கீட்ஸின் கல்லில் அவர் பெயரே இல்லை. ‘தண்ணீரில் பெயர் எழுதப்பட்டவன்’ என்று மட்டும் போடச் சொல்லியிருந்தார். நண்பர்கள் மனம் பொறுக்காமல் அதற்கு மேல் சில வரிகள் சேர்த்தார்கள், பிறகு அதற்காக வருந்தவும் செய்தார்கள்.

பக்கத்திலேயே செவர்ன். 1879 வரை, 85 வயசு வரை வாழ்ந்தவர். கல்லில் வண்ணத்தட்டும் தூரிகைகளும் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தில் முதலில் வருவது கீட்ஸின் உற்ற நண்பர், மரணப் படுக்கையில் துணையிருந்தவர் என்பது. ஓவியர் என்பது அதற்குக் கீழே.