சவாரோ உச்சியில் ஒரு குடும்பம்

அரிசோனாவின் டூசான் நகரில் தங்கியிருந்த நான்கு நாள்களில், பிப்ரவரி மாதக் காலைப்பொழுது ஒன்றை ஹாரிஸ் பருந்துகளுக்கென்றே ஒதுக்கியிருந்தேன். நகரின் மேற்கே கேட்ஸ் கணவாயைக் கடந்து இறங்கினால், 1952இல் தொடங்கப்பட்ட அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம் வருகிறது. அங்கே குளிர்காலத்தில், காலில் வாரோ கயிறோ இல்லாமல் இப்பருந்துகளைத் திறந்தவெளியில் பறக்கவிட்டுக் காட்டுகிறார்கள். கூட்டத்தோடு நின்றிருந்த என் தலைக்கு ஒரு முழ உயரத்தில் ஒன்று கடந்தபோது, சத்தம் ஏதும் கேட்கவில்லை. நெற்றியில் காற்று மட்டும் பட்டது.

எதிர்க்கிளையில் அது அமர்ந்ததும் நன்றாகப் பார்க்க முடிந்தது. கரும்பழுப்பு உடல், சுட்ட செங்கல் நிறத்தில் தோள்களும் தொடைகளும், நீண்ட மஞ்சள் கால்கள், வாலின் அடியிலும் நுனியிலும் வெள்ளைப் பட்டை. 1824இல் டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க் இதற்கு இட்ட 'யூனிசிங்டஸ்' என்ற இலத்தீன் பெயருக்கு 'ஒற்றைக் கச்சை கட்டியது' என்று பொருள். ஹாரிஸ் என்ற பெயரோ, ஓவியர் ஆடுபான் தம்மை ஆதரித்த நண்பர் எட்வர்ட் ஹாரிஸின் நினைவாகச் சூட்டியது. வாலைப் பார்த்து வைத்த பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மறுநாள் விடியலில், நகரின் ஓரத்தில் காட்டுப் பறவைகளையே தேடிப் போனேன். சுற்றிலும் நிறைந்திருந்தவை மெஸ்கீட் மரங்கள். நாம் வெட்டியும் ஒழிக்க முடியாத சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவினம், தன் சொந்த மண்ணில் யாருக்கும் பகையின்றி நிற்கிறது. தூண்போல் உயர்ந்து வளரும் ஒரு சவாரோ கள்ளியின் உச்சியில் பருந்து ஒன்று அமர்ந்திருந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று பறந்து வந்து, பக்கத்தில் இடம் தேடாமல், நேராக முதல் பறவையின் முதுகின்மேல் இறங்கியது. கீழே இருந்தது சற்றே தாழ்ந்து, சிறகைச் சரிசெய்துகொண்டதே தவிர, எதிர்க்கவில்லை. உயரமான இடங்கள் அரிதான வெளியில் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது இவ்வினத்தின் வழக்கம் என்று படித்திருந்தும், நேரில் கண்டபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரும்பாலான பருந்துகள் தனியாகவோ இணையாகவோ வேட்டையாட, இவை குடும்பமாகச் செல்கின்றன. நியூ மெக்சிகோவில் இவற்றைத் தொடர்ந்து கவனித்த ஜேம்ஸ் பெட்னார்ஸ், 1988இல் 'சயின்ஸ்' இதழில் அதை விரிவாக எழுதினார். முயல் புதருக்குள் ஒளிந்தால், ஒரு பறவை உள்ளே நடந்துபோய் விரட்ட, மற்றவை வெளியே காத்திருந்து பாய்கின்றன. துரத்தல் நீண்டால் முன்னே செல்லும் பறவை மாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாறு பறவைகள் சேர்ந்த குழுவில், பங்கிட்ட பிறகும் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த உணவு சிறு குழுக்களில் கிடைத்ததைவிட அதிகம். பருந்தைவிட எடைமிக்க ஜாக் முயலையும் இப்படித்தான் வீழ்த்துகின்றன.

கூட்டிலும் இதே ஏற்பாடுதான். உருவில் பெரிய பெண் பறவையே தலைமை. அரிசோனாவில் ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்கள் சேர்ந்து குஞ்சு வளர்ப்பதும் உண்டு. இரண்டு முதல் நான்கு முட்டைகள் ஒரு மாதத்துக்கும் மேல் அடைகாக்கப்படுகின்றன. முன்பு பிறந்த இளம்பறவைகள் பெற்றோருடனேயே தங்கி, புதிய குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருகின்றன.

இந்தச் சேர்ந்திருக்கும் பழக்கமே நகருக்குள் ஆபத்தாகிவிடுகிறது. ஒரே மின்கம்பத்தில் பல பறவைகள் நெருங்கி அமர்கையில், விரிந்த சிறகுகள் இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் மின்சாரம் தாக்கி இறந்துவிடும். டூசானில் பல கம்பங்களின் கம்பிகளுக்கு இப்போது காப்புறை போட்டிருக்கிறார்கள். விடுதிக்குத் திரும்பிய தெருவில் அப்படியொரு கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில், மார்பில் வெள்ளைக் கீற்றுகள் இன்னும் மாறாத இளம்பருந்து ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் காரை ஓரங்கட்டுவதற்குள், பெரியது ஒன்று அதன் அருகிலேயே வந்து இறங்கியது.