கச்சானில் வைத்த அடை

மட்டக்களப்பின் ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான எங்கள் வளவில் நான் முதன்முதலாக வைத்த கோழி அடை பாழாய்ப் போனது. பேடு இரவிலும் கூட்டை விட்டு எழாமல், கிட்டப் போனால் சிறகைச் சிலிர்த்துக் 'கொர்ர்' என்று உறுமியதும், கையிலிருந்த 14 முட்டைகளையும் அதன் கீழ் அடுக்கிவிட்டேன். அவற்றில் சில மூன்று வாரப் பழையவை. நான்கு கடையில் வாங்கிய பண்ணை முட்டைகள். சேவல் சேராத பண்ணைக் கோழியின் முட்டை பொரிக்காது என்பது தெரிந்திருந்தும், தொகையைக் கூட்டும் ஆசையில் செய்த வேலை அது. மூன்று குஞ்சுகளே பொரித்தன.

முட்டைகள் பழசானது மட்டும் காரணமல்ல என்று என் பாட்டி, பெத்தாதான் விளக்கினார். சிறிய உடம்புள்ள ஊர்க்கோழி பத்து முட்டைகளைத்தான் முழுதாக மூடும். மிஞ்சியவை ஓரத்தில் குளிர்ந்து கிடக்கும். பேடு அலகால் முட்டைகளை உருட்டி, ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பதால், அதிகப்படியாக வைத்த நான்கு முட்டைகளின் குளிர் முறை வைத்து எல்லா முட்டைகளுக்கும் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது அடையை ஆடியில், கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாளில் வைக்க நேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் இட்ட பத்து முட்டைகளைக் கழுவாமல், பென்சிலால் நாள் குறித்து, கூர்முனை கீழே இருக்குமாறு அரிசிப் பானையில் சேர்த்து வைத்திருந்தேன். பழைய ஓலைப்பெட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலும், பேனுக்காகச் சிறிது சாம்பலும் வேப்பிலையும் இட்டேன். பெத்தா தன் பங்குக்கு, இடி முழக்கத்தில் முட்டை கலங்காதிருக்க ஒரு கரித்துண்டையும் இரும்பாணியையும் செருகினார். ஆணியால் முட்டைக்கு நன்மையோ தீமையோ இல்லை. அதை எடுக்கச் சொல்லும் துணிவு எனக்கும் இல்லை.

ஏழாம் நாள் இரவு, அட்டையில் துளையிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டு முட்டைகளில் நடுவே ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகளும் தெரிந்தன. இரண்டு வெறுமையாக இருந்ததால் அவற்றை எடுத்துவிட்டேன். பேடு நாளுக்கு ஒரு முறை எழுந்து, தின்று, குடித்து, மணலில் புரண்டுவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். அந்த நேரத்தில் மட்டுமே கூட்டைத் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். கச்சானின் வறட்சியில் ஓட்டின் உட்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பதினெட்டாம் நாள் முதல் பெட்டியின் அடி மணலை ஓரமாக நனைத்து வந்தேன்.

இருபதாம் நாள் மாலையில் முதல் ஓடு கீறியது. மறுநாள் காலைக்குள் ஆறு குஞ்சுகள் வெளியே வந்துவிட, ஏழாவது முட்டை மட்டும் ஒரு சிறு துளையோடு மணிக்கணக்காக அப்படியே கிடந்தது. உள்ளிருந்து கீச்சொலி கேட்கக் கேட்கப் பொறுக்க முடியாமல் நகத்தால் ஓட்டைப் பெயர்க்கப் போனபோது, "கைய எடு மனே, ரத்தம் இன்னும் உள்ள போகல்ல" என்று பெத்தா தடுத்தார். சவ்வில் ஓடும் இரத்தமும் மிச்ச மஞ்சட்கருவும் குஞ்சின் உடலுக்குள் இழுபட்ட பின்னரே அது ஓட்டைச் சுற்றி வெட்டி வெளிவரும். அதற்குமுன் உரித்தால் இரத்தம் கசிந்து செத்துப்போகும். அன்று பின்னேரம் அது தானாகவே வந்தது. எட்டாவது ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தது.

உள்ளிழுத்த மஞ்சட்கரு போதுமென்பதால் முதல் நாள் தீனி வைக்கவில்லை. அடுத்த நாள் முதல் குறுணலும், உக்கிய தேங்காய்ப் பொச்சு மட்டையைத் தட்டி உதிர்த்த கறையானும் கொடுத்தேன். பகலில் கரப்புக் கூடையால் மூடி வைத்தும், அதைத் திறந்த ஒரு கணத்தில் காகம் ஒரு குஞ்சைத் தூக்கிச் சென்றது. இன்னொன்றைக் கீரி பிடித்தது. மிஞ்சியவை ஐந்து.

தோட்டத்தில்தான் தொல்லை தொடங்கியது. குஞ்சுகளுக்கு இரை காட்டுகிறேன் என்று பேடு கிளறிய கிளறலில், கத்தரி நாற்றில் பாதி ஒரே காலையில் வேரோடு கிடந்தது. மீனவர் கழித்த வலையை வாங்கி, கத்தரிக்கும் மிளகாய்க்கும் பயற்றைக்கும் இடுப்பளவு உயரத்தில் சுற்றிக் கட்டினேன். முருங்கையடியையும் மரவள்ளிப் பக்கத்தையும் கோழிகளுக்கே விட்டுவிட்டேன். கோழிக்கூட்டு எருவைப் பச்சையாகப் போட்டால் அதன் சூட்டில் செடி கருகும் என்பதால், சருகோடு குழியில் இட்டு இரண்டு மாதம் உக்கவிட்டே பாத்தியில் சேர்த்தேன். நீர் நில்லாத எங்கள் மணலில், எரு போட்ட பாத்தி மட்டும் மாலை வரை ஈரமாக இருந்தது.

இரண்டு மாதம் கழிந்ததும் பேடு குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட்டு மறுபடியும் முட்டையிடத் தொடங்கியது. இப்போது பானையில் ஆறு இருக்கின்றன. மாரி மழை பிடிப்பதற்குள் கூட்டின் மேற்கூரைக்குப் புதுத் தென்னோலைக் கிடுகு வேய வேண்டும்.