கில்டேர் கோபுரமும் என் தொந்தியும்

போன சனிக்கிழமை டப்ளின்ல இருந்து ரயிலேறி கில்டேர் போனோம். முதல்ல எனக்கு ஊருக்குள்ள இருக்குற செயின்ட் பிரிஜிட் கதீட்ரல், அப்புறம் வீட்டம்மாவுக்கு ஷாப்பிங்னு ஒப்பந்தம். 13ம் நூற்றாண்டு கோயில், 1640கள்ல நடந்த சண்டையில இடிஞ்சு ரொம்ப காலம் பாழா கிடந்து, 19ம் நூற்றாண்டு கடைசியில திரும்ப எடுத்துக் கட்டினது. ஆங்கிலிக்கன் சர்ச், நம்மூர் சி.எஸ்.ஐ.க்கு பங்காளி முறை. உள்ள பத்து நிமிஷம் அமைதியா உட்கார்ந்துட்டு கிளம்பியிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

வெளிய கல்லறைகளுக்கு நடுவுல ஒரு ரவுண்ட் டவர். 12ம் நூற்றாண்டு, கிட்டத்தட்ட 33 மீட்டர். வாசலே தரையில இருந்து நாலு மீட்டர் மேல இருக்கு, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். டிக்கெட் குடுத்த பெரியவர்கிட்ட கஷ்டமா இருக்குமான்னு கேட்டேன், என் தொந்தியை ஒரு பார்வை பார்த்துட்டு "க்ராண்ட், யூ வில் பி க்ராண்ட்"னார். அயர்லாந்துல க்ராண்டுன்னா பிரமாதம்னு அர்த்தம் இல்லைங்க, உசுருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம், அது எனக்கு மூணாவது ஏணியிலதான் புரிஞ்சுது.

உள்ள செங்குத்தா மர ஏணி, தளத்துக்குத் தளம் ஒரு ஓட்டை, அது வழியா தலையை விட்டு மேல போகணும். தலை போச்சு, தோள் போச்சு, முதுகுல புளிசாத டப்பாவோட இருந்த பேக் போகல. மேலயும் போக முடியாம கீழயும் வர முடியாம தொங்கிட்டு இருக்கேன், கீழ பத்து வயசுப் பையன் ஒருத்தன், அவனுக்குக் கீழ அவங்கம்மா, எல்லாரும் வெயிட்டிங். கடைசியில அந்தப் பையன்தான் பேக்கை ஒரு பக்கமா திருப்பி, என்னையும் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினான்.

உச்சியில காத்து அப்படியே ஆளைத் தூக்குது. தூரத்துல கரக் சமவெளி, பச்சைப்பசேல்னு. போன் அடிச்சுது, கீழ இருந்து வீட்டம்மா. "ஏங்க, என் போர்வை விரியிற அளவு நிலம் குடுன்னு இந்தக் கோயில் புனிதர் பிரிஜிட் அம்மா, ராஜாகிட்ட கேட்டாங்களாம், சரின்னதும் போர்வை விரிஞ்சு விரிஞ்சு அந்த கரக் முழுசையும் மூடிருச்சாம்." அட, வாமனன் டெக்னிக்னேன். "அந்தம்மா ஒரு துணியில ஊரையே வளைச்சுட்டாங்க, நீங்க பத்து வருஷமா சம்பாதிச்சு ஒரு சென்ட் வாங்கல. சீக்கிரம் இறங்குங்க, கடையை மூடிருவாங்க."

இறங்குறது அதைவிடக் கொடுமை. ஏணியைப் பார்த்துத் திரும்பி நின்னு, காலால துழாவித் துழாவி வரணும். அந்தப் பையன் முன்னாடியே இறங்கிப்போய் என் ஷூவைப் பிடிச்சு ஒவ்வொரு படியிலயா வைக்கிறான், இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்னு ஊசி போடுற நர்ஸ் மாதிரி சொல்லிக்கிட்டே.

திங்கக்கிழமை ஆபீஸ்ல மேஜையைப் பிடிச்சுக்கிட்டு முனகிக்கிட்டே நாற்காலியில உட்கார்றேன், பக்கத்து சீட்டுக்காரர் வீக்கெண்ட் எப்படின்னார்.

"க்ராண்ட்"னேன்.