விளையாட்டு வரலாறு வாய்மொழித் தேர்வு: ஒரே சொல்லில் போன மதிப்பெண்

நேற்று முடிவு வந்தது: 2.3 (ஜெர்மன் முறையில் 1.0தான் மிக உயர்ந்த மதிப்பெண்; எண் கூடக்கூட மதிப்பு குறையும்). தேர்ச்சிதான் என்றாலும், 1.3 வந்திருக்க வேண்டிய தேர்வு இது என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்த செமஸ்டரில் இங்கே ஜெர்மனியில் இதே தேர்வுக்கு அமரவிருக்கும் நம் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் தேர்ந்தெடுத்த தலைப்பு 50 கிலோமீட்டர் நடைப்போட்டி வீரர் ஹார்ட்விக் கௌடர். அவருடைய பதக்கங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் முதல் வாக்கியத்திலேயே, "1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்குத் தங்கம் வென்றவர்" என்று சொல்லிவிட்டேன். "எந்த ஜெர்மனி?" என்று கேட்டார் தேர்வாளர். மீதி நேரமெல்லாம் அதிலேயே கழிந்தது.

கிழக்கு ஜெர்மனி என்ற விடை எனக்குத் தெரியாததன்று. கௌடர் 1954இல் மேற்கு ஜெர்மனியில், ஃபைஹிங்கன் நகரில் பிறந்தவர். பெர்லின் சுவர் எழுவதற்கு ஓராண்டு முன்னர், 1960இல், அவருடைய குடும்பம் கிழக்கிலுள்ள இல்மெனாவுக்குக் குடிபெயர்ந்தது. மேற்கு ஜெர்மனி மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், அந்தக் குடும்பம் மேற்கிலேயே இருந்திருந்தால் அவர் அந்தப் போட்டியில் நடந்திருக்கவே முடியாது. 1984இல் கிழக்கு ஜெர்மனி லாஸ் ஏஞ்சலஸைப் புறக்கணித்தபோது, நடப்பு வாகையரான அவரே வீட்டில் இருக்க நேர்ந்தது. 1991 டோக்கியோ உலகப் போட்டியின் வெண்கலமோ ஒன்றுபட்ட ஜெர்மனிக்குரியது. இவ்வளவையும் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன்.

ஆகவே:
- ஒவ்வொரு பதக்கத்துக்கும் எதிரே நாட்டின் பெயரை எழுதிவைக்க வேண்டும். வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.
- நேரங்களை ஒப்பிட வேண்டும். மாஸ்கோ தங்கம் 3:49:24. 1987 ரோம் உலகப் போட்டித் தங்கம் 3:40:53. 1988 சியோல் வெண்கலம் 3:39:45. அவருடைய வேகம் கூடியிருக்கிறது, பதக்கம் இறங்கியிருக்கிறது. என்னைக் காப்பாற்றிய ஒரே பதில் இதுதான்.
- ரொனால்ட் வைகலை விடக்கூடாது. ரோமிலும் சியோலிலும் வெள்ளி வென்ற சக நாட்டவர் அவர்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. தனியாக நடந்தபடி உரக்கச் சொல்லிப் பார்ப்பதே நல்லது.

1997இல் இதயமாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட கௌடர், மறு ஆண்டே நியூயார்க் மாரத்தானை நடந்து முடித்ததைப் பற்றி இரண்டு இரவுகள் படித்தேன். அதிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.