151.67 மணி நேரம்

ஜூலை 11, 2025, வெள்ளி

மச்சான் நேற்று ராத்திரி வந்து இறங்கினான். சென்னையில் பிளைட் லேட். ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி முதலியார்பேட்டை வந்து சேரும்போது மணி இரண்டு. அக்காவைப் பார்த்ததும் அழுதுவிட்டான். மூன்று வருஷம் ஆயிற்று அல்லவா.

பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிற வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷத்துக்கு முன் பிரான்ஸ் போனவன். பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறான். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம் அது. ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. இப்போது ஐந்து வாரம் லீவு, முழுச் சம்பளத்தோடு.

புதன்கிழமை நடந்த பொது வேலைநிறுத்தம் பற்றிப் பேச்சு வந்தது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து நாடு முழுக்க நடந்தது. இங்கே தனியார் பஸ்ஸும் ஆட்டோவும் ஓடவில்லை. ஆனால் எங்கள் கம்பெனி வேன் அனுப்பி ஆட்களை அழைத்துக்கொண்டது.

"நீங்களும் வேலைக்குப் போனீங்களா மாமா?" என்று கேட்டான். போனேன். போகாவிட்டால் அந்த நாள் சம்பளத்தோடு அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். அதைச் சொன்னதும் அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தேன். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "உன் பே ஸ்லிப்பைக் காட்டு" என்று கேட்டேன். செல்போனில் எடுத்துக் கொடுத்தான். என்னுடையதையும் பீரோவிலிருந்து எடுத்து வந்தேன்.

அவனுடையதில் முதல் வரியிலேயே 151.67 என்று போட்டிருந்தது. ரூபாய் இல்லை, யூரோவும் இல்லை. என்ன இது என்று கேட்டேன். "மணி நேரம் மாமா" என்றான். வாரத்துக்கு 35 மணி. வருஷத்துக்கு 52 வாரம். அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்தால் 151.67. காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணிக்கு வெளியே வந்துவிடுகிறான். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. சமையல்கட்டின் தலைவர் நாள் முழுக்கக் கத்துவாராம், ஆனால் மூன்று அடித்தால் "கிளம்பு" என்று அவரே சொல்லிவிடுவாராம்.

என் ஸ்லிப்பில் மணிக்கணக்கே கிடையாது. 26 நாள் என்று மட்டும்தான் இருக்கும். சேதராப்பட்டில் பிரஸ் ஆபரேட்டர் வேலை. காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டு. 17,000 ரூபாயில் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 128 பிடித்தது போக 15,072 பேங்கில் ஏறும். மீதி நான்கு மணி நேர ஓ.டி.க்கு மணிக்கு 70 ரூபாய் கணக்குப் போட்டு, 7,280 ரூபாயைக் கவரில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். அது எந்தக் காகிதத்திலும் வராது.

தொழிற்சாலைகள் சட்டம் 1948 படி ஓ.டி.க்கு இரண்டு மடங்கு கூலி. இது எனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. இன்று போட்டேன். ஒரு நாளைக்கு 4 மணி, 26 நாளைக்கு 104 மணி. இரண்டு மடங்கு என்றால் 208 மணிக்கான கூலி. எட்டு மணி வேலையில் 26 நாளுக்கும் அதே 208 மணிதான். அதாவது ஓ.டி.க்கு மட்டும் இன்னொரு முழுச் சம்பளம், 17,000 ரூபாய் வர வேண்டும். வருவது 7,280. அதே சட்டத்தில், மூன்று மாதத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது என்றும் இருக்கிறது. நான் அதை அரை மாதத்தில் தாண்டிவிடுகிறேன். கவர் எதற்கு என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

பிரான்ஸில் ஓ.டி.க்கு எவ்வளவு என்று கேட்டேன். வாரத்தில் முதல் எட்டு மணிக்கு 25 சதவீதம் கூடுதல், அதற்கு மேல் போனால் 50 சதவீதம். நம் சட்டத்தை விடக் குறைவு! ஆனால் அவனுக்கு அது ஸ்லிப்பில் தனி வரியாக வருகிறது.

அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.88 யூரோ, பிடித்தத்துக்கு முன். அவனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. எல்லாம் போகக் கையில் 1,530 யூரோ. மாதாந்திர ரயில் பாஸ் 88.80 யூரோவில் பாதியைக் கம்பெனி கொடுத்துவிட வேண்டும், அது சட்டம். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் அவனுக்கு ஒரு மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். எனக்குக் கவரையும் சேர்த்து ஒரு மணிக்கு 72 ரூபாய்கூட வரவில்லை.

ஆனால் வாடகையைச் சொன்னான். இரண்டு அறைக்கு 850 யூரோ. சம்பளத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. எனக்கு வாடகை 5,500, நாலில் ஒரு பங்கு. அவன் மனைவியும் ஆபீஸ்களைத் துடைக்கும் வேலைக்குப் போகிறாள், விடியற்காலை ஐந்து மணிக்கு. பிள்ளைகளைக் கிளப்பிவிட வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. "பனியில பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பும்போது அம்மா ஞாபகம் வந்துடும் மாமா" என்றான். இந்த ஒரு விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன்.

ஜூலை 14, திங்கள்

பிரெஞ்சு தேசிய தினம். பீச் ரோட்டில் போர் நினைவுச் சின்னத்தில் மரியாதை நடந்தது. மச்சான் மாமனாரோடு போய்விட்டு வந்தான். எனக்கு ஷிப்ட்.

ஜூலை 20, ஞாயிறு

போன வருஷம் சூடான எண்ணெய் கொட்டி வெந்த தழும்பை மச்சான் காட்டினான். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். அன்றைக்கே கேன்டீன் நிர்வாகமே விபத்து அறிக்கை போட்டதாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு காசு செலவில்லை. பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தான். முதல் 28 நாள் வரை கூலியில் 60 சதவீதத்தை அரசுக் காப்பீடு கொடுக்கும், அதற்கு மேல் போனால் 80.

அவன் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு மே மாதம் எங்கள் ஷாப்பில் நடந்ததுதான் கண் முன்னால் நின்றது.

திண்டிவனம் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் ஆள். என் பக்கத்து மெஷின். கை உள்ளே போனால் பிரஸ் நிற்க வேண்டும், அதற்குத்தான் சென்சார். உற்பத்தி குறைகிறது என்று அதை ஆஃப் பண்ணிவைத்திருந்தார்கள். இரவு ஏழு மணி இருக்கும், பதினோராவது மணி நேரம். வலது ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது. அவன் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே" என்று மட்டும் சொன்னான். என் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். கம்பெனி வண்டியில் தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னார் சூப்பர்வைசர். செலவைக் கம்பெனி கட்டியது, ஐயாயிரம் ரூபாய் கையில் கொடுத்தது. விபத்து அறிக்கை போகவில்லை.

அந்தப் பையன் சம்பளத்திலும் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ.யில் கூலியில் 90 சதவீதம் உண்டு. 60 இல்லை, 90. உடம்பு சரியில்லாமல் படுத்தால்கூட நமக்கு 70 சதவீதம், அவர்களுக்குப் பாதி. சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்முடையதுதான் தாராளம். அந்தப் பையனுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஏனென்றால் கதவு இடுக்கு.

சூப்பர்வைசர் அதைச் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இதை மச்சானிடம் இன்று சொன்னேன். இத்தனை நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் ஊரில் சிவப்புக் கொடி கட்டுவார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடியவர்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற போராட்டம்.

இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் மச்சான் ஒன்று சொன்னான், அது எனக்குத் தெரியாது. அதே 1936 ஜூனில்தான் பிரான்ஸில் வாரத்துக்கு 40 மணி நேரம், வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் போட்டார்கள். அங்கேயும் பெரிய வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான். ஒரே ஆட்சி. ஜூனில் அங்கே லீவு, ஜூலையில் இங்கே குண்டு. அந்த இரண்டு வாரம்தான் வளர்ந்து 1982-இல் ஐந்து வாரம் ஆகி, அவனை இப்போது என் வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 1937-இல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேரம் கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது வாரத்துக்கு 54 மணி. எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூரில் இல்லாத உரிமை இங்கே இருந்தது. இன்று அந்த மில் இல்லை, ரோடியர் மில்லும் பாரதி மில்லும் மூடிக்கிடக்கின்றன. நான் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லீவு போட்டேன். அட்டெண்டன்ஸ் போனஸ் போகட்டும். விரல் போன பையனோடு இ.எஸ்.ஐ. அலுவலகம் போகப்போவதாக மனைவியிடம் நேற்று ஆடிப்பெருக்குச் சித்ரான்னம் சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் அம்மா வயசானவங்கதானே, சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

பையன் காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றான். விரல் ஆறியிருந்தது, நுனி மட்டும் பளபளவென்று சிவந்திருந்தது. இன்னும் பேனா பிடிக்க வரவில்லை. இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கிளினிக் சீட்டையும் அவன் இ.எஸ்.ஐ. நம்பரையும் பார்த்துவிட்டு, விபத்து எங்கே, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதித் தரச் சொன்னார். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கீழே இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

"பக்கத்துல பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். பையன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

என் பெயர், வயது, டோக்கன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.